நடு நாற்காலியில் ஆந்தை

ஒரு வாரமாக எனக்குக் கழுத்துப் பிடிப்பு. என்ன ஆயிற்று என்று கேட்கிறவர்களிடம், "ஓர் ஆந்தை நேராகப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஆடினேன்" என்று உள்ளதைச் சொல்கிறேன். தைலத்தைக் கையில் திணித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நீங்களாவது முழுதாகக் கேளுங்கள். தைலம் வேண்டாம்.

எல்லாம் என் வாயால் வந்த வினை. சரி, பேனாவால் வந்த வினை. சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரரைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? சித்தூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார், அவர் கேமரா முன்னால் எமனே வந்தாலும் எருமையை ஓரமாகக் கட்டிவிட்டு, இரண்டு கையையும் தொடை மேல் வைத்துக்கொண்டு, மூச்சடக்கி உட்கார வேண்டியதுதான் என்று அளந்திருந்தேன். போதாக்குறைக்கு, ஊருக்கு வந்திருக்கும் மிருகக் காட்சிக் கம்பெனியில் வெள்ளை வெளேரென்று ஒரு பனி ஆந்தை இருக்கிறது, பகலிலேயே கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருக்கிறது என்றும் எழுதினேன்.

பத்திரிகை ஆசிரியர் சும்மா இருப்பாரா? சென்னையிலிருந்து கார்டு வந்தது. 'எமன் இருக்கட்டும். அந்த ஆந்தையை நேராகப் பார்க்க வைத்து ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் அட்டையில் போடுகிறோம். எடுத்தவர் பேரோடு.'

கார்டை அவரிடம் நீட்டினேன். அட்டை என்ற இடத்தைச் சாதாரணமாகப் படித்துவிட்டார். 'பேரோடு' என்ற இடத்தில் மனிதர் அப்படியே நின்றுவிட்டார்.

"நெஜமாவே பேர் போடுவாங்களாம்மே?"

"போடறோம்னு எழுதிக்கீறாரே."

"அப்ப எடுத்துடலாம்" என்றார். கார்டைத் திருப்பித் தரவில்லை. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் ஏன் அப்படி உருகினார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஸ்டூடியோ போர்டில் இருப்பது இவருடைய தாயார் பேர். அதிலே இவர் பேர் கிடையாது. இந்த எல்லை விவகாரம் ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் ஜில்லாவில் போட்டோ எடுத்துக்கொள்ளாத தூதுக்குழு உண்டா? எங்கள் தாலுக்கா தமிழோடு போக வேண்டும் என்று மகஜர் கொடுக்கிறவர்கள் காலையில் வருவார்கள். தெலுங்கோடுதான் இருக்க வேண்டும் என்கிறவர்கள் சாயங்காலம் வருவார்கள். அதே நாற்காலிகள், அதே ஜமுக்காளம், அதே காகிதப் பூ ஜாடி. இரண்டு கட்சிக்கும் எங்கள் வீட்டுக்காரர்தான்.

அந்தப் படங்கள் சென்னைப் பத்திரிகைகளிலும் வரும், பெஜவாடா தெலுங்குப் பத்திரிகைகளிலும் வரும். கீழே வரிசையாகப் பேர்கள் – உட்கார்ந்திருப்பவர்கள் இன்னார், நிற்பவர்கள் இன்னார். எடுத்தவர் பேர் மட்டும் இருக்காது. ஒவ்வொரு தடவையும் பேப்பரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, படத்துக்குக் கீழே, ஓரத்தில், பின்பக்கத்தில்கூடத் தேடுவார். "பூ ஜாடிகூடத் தெளிவா வுழுந்துக்கிது பாரு" என்பார். எனக்குத்தான் வயிறு எரியும்.

இதைச் சொல்ல நான் யார் என்கிறீர்களா? நியாயம். நானும் வாராவாரம் 'எங்கள் வீட்டுக்காரர்' என்றுதான் எழுதுகிறேன். புருஷன் பேரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. வோட்டர் லிஸ்ட் எடுக்க வந்தவர் கேட்டபோது பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தேன். அந்த அம்மாள் தப்பாகச் சொல்லிவிட்டார். திருத்தவும் வாய் வரவில்லை. அந்த லிஸ்டில் நான் வேறு யாருக்கோ பெண்டாட்டியாக இருக்கிறேன்.

ஆந்தைக்கு வருவோம்.

கம்பெனி மறுநாளே கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு திருப்பதிக்குப் புறப்படுகிறது என்று தெரிந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு மானேஜரைப் போய்ப் பார்த்தோம். மலையாளத்துக்காரர், நல்ல மனிதர். "வெயில் ஏறும் முன்னே வரணும் கேட்டோ. வெயில் வந்தால் இவன் வாயைத் திறந்து இரைக்கும்" என்றார். ஆந்தையைக் கூண்டுக்கு வெளியே, காலில் தோல் வாரோடு உட்கார வைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார்.

காலையில் ஜட்கா வந்தது. பெரிய பெட்டிக் கேமரா, கறுப்புத் துணி, படத்துக்கு ஒன்றாக நான்கு கண்ணாடிப் பிளேட், முக்காலி. ஜட்காவுக்குள் அடங்காமல் முக்காலியின் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அங்கேதான் தப்பு நடந்தது. வேறு ஊராக இருந்தால் அது வெறும் முக்காலி. எங்கள் ஊரில், இந்த வருஷங்களில், முக்காலியோடு இவர் கடைத்தெரு வழியாகப் போனால் ஒரே அர்த்தம்தான்... யாரோ தூதுக்குழு போட்டோ எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். யார்? எந்தக் கட்சி? நமக்கு ஏன் சொல்லவில்லை? இரண்டு பக்கத்திலும் ஆள் ஓடியிருக்கிறது. நாங்கள் அதைக் கவனிக்கவில்லை.

மைதானத்தில் ஆந்தை தயாராக இருந்தது. கோணியில் சுற்றிய ஐஸ் கட்டி, அதன் மேல் இவன். அடடா, என்ன அழகு. உடம்பெல்லாம் வெள்ளை, அங்கங்கே மைத் தீற்றல். காலுக்குக்கூட சாக்ஸ் போட்ட மாதிரி இறகு. மஞ்சள் கண் இரண்டும் எலுமிச்சம்பழம் போல உருண்டையாக இருந்தன. எனக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. ஆந்தை முகத்தில் காலையில் விழிக்கக் கூடாது என்று வளர்த்தார்கள் என்னை. எழுந்ததும் இந்த முகத்தில் விழிக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டாமா?

எங்கள் வீட்டுக்காரர் கறுப்புத் துணிக்குள் புகுந்து போகஸ் பார்த்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது. "பாக்குதும்மே... என்னியே பாத்துக்கினு இருக்குது."

வெளியே வந்தார். பிளேட்டைச் செருகினார். அமுக்கினால் படம் விழுகிற ரப்பர் பந்தைக் கையில் பிடித்து, பழக்க தோஷத்தில் ஆந்தையிடம், "அசையாதீங்க... கதலகண்டி" என்று இரண்டு பாஷையிலும் சொன்னார். ஆந்தை உடம்பை அசைக்கவில்லை. தலையை மட்டும் முழுசாகப் பின்பக்கம் திருப்பிக்கொண்டது. அதே நேரம் அவர் பந்தை அமுக்கிவிட்டார். முதல் பிளேட்டில் ஆந்தையின் பின்மண்டை.

"இன்னும் மூணு இருக்குதே" என்றேன்.

அப்போதுதான் பின்னால் செருப்புச் சத்தம். திரும்பினால், மண்டி வெங்கடாசலம். பங்காருபாளையத்து மாங்காய் வியாபாரத்தில் பெரிய புள்ளி, தமிழ்க் கட்சிக்குத் தலைவர். ஜரிகை அங்கவஸ்திரம், பின்னால் நான்கு பேர்.

"இன்னா போட்டோகாரரே, எங்கள வுட்டுட்டு யாரைய்யா எடுத்துக்கினு கீற?"

"ஆந்தைங்க."

"ஆந்தையா? யாரு ஏற்பாடு?"

"பத்திரிகைங்க."

பத்திரிகை என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். அதற்குள் இன்னொரு ஜட்கா வந்து நின்றது. வக்கீல் நரசிம்முலு, தெலுங்குக் கட்சித் தலைவர். கறுப்புக் கோட்டு, அவர் பின்னாலும் நான்கு பேர். மண்டிக்காரரைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

"ஏமண்டி போட்டோகிராபர்காரு, மாக்கு செப்பலேதே?" தங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கோபம். "இவங்களுக்கு மட்டும் சொன்னீங்களா?"

"அய்யா, நான் யாருக்குமே சொல்லலைங்க. ஆந்தைக்குதான் சொன்னேன்."

யார் கேட்கிறார்கள்? கம்பெனிக் கூடாரத்தின் முன்வரிசை நாற்காலிகள் பிரிக்கப்படாமல் கிடந்தன. இரண்டு பக்கத்து ஆட்களும் ஆளுக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு வந்து போட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வருஷம் பூராவும் வருகிற வாடிக்கைக்காரர்கள்... எழுந்து போங்கள் என்று சொல்ல முடியுமா? மெல்லச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கார்டு அங்கேதான் இருந்தது.

"நடுவுல யாரு?" என்றார் மண்டி வெங்கடாசலம்.

"மத்யலோ நேனு, நான்தான்" என்றார் வக்கீல்.

"அது எப்டி?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. கம்பெனி லாரிகள் உறும ஆரம்பித்துவிட்டன. நான் பொறுக்க மாட்டாமல், "நடுவுல ஆந்தை உக்காரட்டுங்க. அது ரெண்டு கட்சியும் இல்ல" என்றேன்.

ஒரு நிமிஷம் யோசித்தார்கள். இதுவரை எந்த எல்லைக் கமிஷனும் சொல்லாத யோசனை. இரண்டு பேரும் தலையாட்டினார்கள். மானேஜர் நடு நாற்காலியில் கோணி ஐஸ் கட்டியை வைத்து, அதன் மேல் ஆந்தையை ஏற்றினார். வலது பக்கம் மண்டிக்காரரும் ஆட்களும். இடது பக்கம் வக்கீலும் ஆட்களும். எல்லார் கையும் தொடை மேல்.

"அசையாதீங்க... கதலகண்டி." க்ளிக்.

"நில்லு, நில்லு. அது அந்தாண்ட திரும்பிக்கினு வக்கீலப் பாத்துது. இது செல்லாது" என்றார் மண்டி வெங்கடாசலம்.

மறுபடியும் பிளேட். மறுபடியும் க்ளிக். இந்தத் தடவை ஆந்தை மண்டிக்காரர் பக்கம் திரும்பியிருந்தது.

"இதி குதரது, ஒத்துவராது" என்று வக்கீல் எழுந்தேவிட்டார். கோர்ட்டில் எழுகிற மாதிரி. "மீண்டும் எடுங்க. நேரா பாக்கணும். இல்லாட்டி நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன்."

நேராகப் பார்க்க வேண்டும் என்பதில் அவரைவிட எங்களுக்குத்தானே அவசரம்? மீதி இருந்தது ஒரு பிளேட். எங்கள் வீட்டுக்காரருக்கு முகம் வாடிவிட்டது. கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வுடும்மே. நம்ம பேரு அட்டைக்கெல்லாம் ஏறாது" என்று என் காதில் மட்டும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது – ஆந்தை மேல்.

ஏன் இது இப்படிச் செய்கிறது? அவர் துணிக்குள் இருக்கும்போதெல்லாம் நேராகத்தானே பார்க்கிறது? வெளியே வந்ததும் திரும்பிக்கொள்கிறது... அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது அவரைப் பார்க்கவில்லை. கறுப்புத் துணிக்குள் ஏதோ நெளிகிறதே, அதைப் பார்க்கிறது. எலியோ முயலோ என்று நினைத்திருக்கும். அவர் பந்தை அமுக்க வெளியே வந்தால் துணி சும்மா தொங்குகிறது. சும்மா தொங்குகிற துணியில் அதற்கு என்ன வேலை?

"நீங்க பிளேட்டப் போட்டுட்டுப் பந்தப் புடிங்க" என்றேன். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன்.

உள்ளே கும்மிருட்டு. பிளேட் செருகிவிட்டால் பின்னாலிருந்து ஒன்றும் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பரவாயில்லை என்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். தோளைக் குலுக்கினேன். கையைத் துணிக்குள் தூக்கி எலி ஓடுகிற மாதிரி ஓட்டினேன். நான் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறேன், வெளியே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

முதலில் யாரோ ஒருவர் இருமினார். பிறகு அது இருமல் இல்லை என்று புரிந்தது. பிறகு மண்டி வெங்கடாசலத்தின் சிரிப்பு கேட்டது – அந்த ஆள் சிரித்து நான் கேட்டதே இல்லை, பெரிய தவிலை உருட்டிவிட்ட மாதிரி இருந்தது. உடனே வக்கீலின் சிரிப்பு, கீச்சுக் கீச்சென்று. அப்புறம் இரண்டு வரிசையும் சேர்ந்துகொண்டது. எனக்கு மானம் போயிற்று. ஆனாலும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. பேர் பெரிதா, மானம் பெரிதா?

"நவ்வகண்டி... சிரிக்காதீங்க" என்று எங்கள் வீட்டுக்காரர் கெஞ்சுகிறார். அவர் தொழிலில் அது ஒன்றுதான் சட்டம். பல் தெரிந்தால் படம் பாழ். யாராவது லேசாக உதட்டைக் கோணினால்கூடப் பந்தை அமுக்க மாட்டார், காத்திருப்பார். எனக்கு அது தெரியும். துணிக்குள்ளிருந்து, "ஆந்தை பாக்குதா?" என்று கத்தினேன்.

"பாக்குது. நேரா பாக்குது. ஆனா இவங்க..."

"அப்ப அமுக்குங்க."

இன்னும் இரண்டு தடவை எலியை ஓட்டினேன். பிறகு, க்ளிக்.

வெளியே வந்தபோது கழுத்து ஒரு பக்கமாக நின்றுவிட்டது. ஆந்தை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வெள்ளை ராஜா யாரை நேருக்கு நேர் முறைத்துப் பார்த்தானோ, அந்தப் பாவி எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை.

சாயங்காலம் இருட்டறையில் படத்தைக் கழுவினோம். தட்டில் முதலில் தெரிந்தது இரண்டு கண். அப்பா, என்ன பார்வை. நடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அத்தனை சபையிலும் தான் ஒருவன்தான் பொறுப்புள்ளவன் என்கிற மாதிரி ஆந்தை நேராகப் பார்க்கிறது. இரண்டு பக்கமும் மெல்ல மெல்ல ஆட்கள் தெரிந்தார்கள். மண்டி வெங்கடாசலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். வக்கீல் மூக்குக் கண்ணாடி நழுவி, ஆந்தையின் நாற்காலி முதுகைத் தாண்டி மண்டிக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கடைசி நாற்காலியில் ஒருவர் கண்ணைத் துடைக்கிறார்.

"எல்லாம் பல்லு" என்றார் எங்கள் வீட்டுக்காரர் சோகமாக.

பிறகு படத்தைத் தண்ணீரில் அலசிக்கொண்டே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தினி வருசமா இவங்கள எடுத்துக்கினு இருக்கேன். ஒரு தபாகூட இவங்க மொகத்த எடுக்கல போலக்கீது" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கழுத்து விடவில்லை.

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் மண்டி வெங்கடாசலம் வந்தார். படத்தைப் பார்த்தார். சிரித்துவிட்டார். சட்டென்று முகத்தை இறுக்கிக்கொண்டு, "எனக்கு ஒரு காப்பி குடு. வக்கீல் பக்கத்த மட்டும் வெட்டிடு. ஆந்தை எங்க பக்கம் இருக்கட்டும்" என்றார்.

அவர் படி இறங்குவதற்குள் வக்கீல். அவருக்கும் அதே படம், அதே சிரிப்பு, அதே இறுக்கம். "ஆ மாங்காய்க்காரர் பாகம் வேண்டாம். கட் பண்ணிடுங்க. ஆந்தை மாத்ரம் மாதே." ஆந்தை தங்களுடையதாம்.

கோடு எங்கே விழுவது என்று ஊரெல்லாம் சண்டை. கடைசியில் எங்கள் கடைக்கே வந்துவிட்டது. இவர் வாழ்க்கையில் வாடிக்கைக்காரரிடம் முடியாது என்று சொன்னவர் இல்லை. தலையை வெட்டு என்றாலும் எந்த இடத்தில் என்று கேட்கிறவர்.

இரண்டு பேரையும் உட்கார வைத்தார். படத்தை மேஜை மேல் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"வெட்ட மாட்டேங்க."

"இன்னாது?" என்றார் மண்டிக்காரர்.

"முழுசா வேணும்னா வாங்கிக்கினு போங்க. கீழ என் பேரு இருக்கும். வெட்டினா அது என் படம் இல்ல."

"இனிமே மகஜர் போட்டோவெல்லாம் வேற ஸ்டூடியோவுல எடுத்துக்குவோம்" என்றார் அவர்.

"மேமு கூடா" என்றார் வக்கீல். தாங்களும் அப்படியே என்று. எனக்குத் தெரிந்து அவர்கள் இரண்டு பேரும் ஒரே கருத்துக்கு வந்தது அன்றைக்குத்தான்.

எங்கள் வீட்டுக்காரர் படத்தின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. அவர்கள் எழுந்து போனார்கள். நான் காபி போட்டுக் கொடுத்தேன், இரண்டு பேரும் குடித்தோம்.

சாயங்காலம் மண்டியிலிருந்து ஆள் வந்தது, முழுப் படம் ஒன்று வேண்டும் என்று. விளக்கு வைக்கிற நேரத்தில் வக்கீல் குமாஸ்தா வந்தார். அவருக்கும் முழுசு. மண்டிக்காரர் வீட்டில் அது உள்ளறையில் மாட்டியிருக்கிறதாம், வெளியாட்கள் பார்வை படாத இடத்தில். வக்கீல் வீட்டில் சட்டப் புத்தக அலமாரிக்குப் பின்னால். இரண்டு வீட்டு அம்மாக்களும் தனித்தனியாக வந்து என்னிடம் சொன்னார்கள், ராத்திரி சாப்பிட்டானதும் எடுத்துப் பார்த்துச் சிரிக்கிறார்களாம். திருப்பதியில் கம்பெனிக் கூடார வாசலில் மானேஜர் பெரிசாக ஒன்று மாட்டிவிட்டார் என்று கேள்வி. அங்கே யாரும் ஒளிக்கவில்லை.

ஆசிரியருக்குப் படத்தை அனுப்பினேன். உடனே தந்தி மாதிரி ஒரு கார்டு. 'அட்டைக்கு எடுத்துக்கொண்டோம். அச்சுக்குப் போகிறது. படம் எடுத்தவர் பேர் என்ன? உங்கள் பத்தி எதிலும் இல்லையே?'

கார்டை அவரிடம் நீட்டி, "எழுதிக் குடுங்க" என்றேன். பேனாவை வாங்கவில்லை.

"உன் பக்கம்தானே. நீயே எழுது" என்றார். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், அந்த ஆந்தை மாதிரியே. ஆனால் காது இங்கேதான் இருந்தது.

அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பக்கத்துக்கு வந்திருப்பீர்கள். தயவுசெய்து இன்னொரு தடவை திருப்பிப் பாருங்கள். ஆந்தையை அல்ல, சிரிப்பவர்களை அல்ல... கீழே வலது மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. ஆசிரியர் அங்கே போட்டது போதாது என்று இங்கேயும் ஒரு தடவை என் கையாலேயே எழுதிவிடுகிறேன். கை கூசுகிறது, சிரிப்பு வருகிறது, பக்கத்து வீட்டு அம்மாளையும் கூப்பிடவில்லை.

அட்டைப் படம்: க. முனிரத்தினம், சித்தூர்.